பால் பல்லுக்கு டாக்டர் தேடுவது எப்படி: ஒரு கணக்குப்பிள்ளை அப்பாவின் குறிப்புகள்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுவது என் வேலை. எந்த பில் கைக்கு வந்தாலும் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படிக்காமல் விடமாட்டேன். யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்த என் மகளுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்த சமயத்தில் இந்தப் பழக்கம் ரொம்பவே உதவியது.

ஏனென்றால், ஒரே வாய்க்கு இடத்துக்கு ஒரு பதில் கிடைத்தது. ஒரு கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பால் பல்லுதானுங்க, எப்படியும் விழுந்துடும்" என்று ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சுவரெல்லாம் கார்ட்டூன் வரைந்த இன்னொரு இடத்தில், எக்ஸ்ரே எதுவும் எடுக்காமலே, எட்டுக் கடைவாய்ப் பற்களுக்கும் ரூட் கேனால், எட்டுக்கும் வெள்ளை கேப் என்று ரூ.68,000க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். மயக்க மருந்துச் செலவு தனியாம். இரண்டுக்கும் நடுவில் பெற்றவர்கள் எதை நம்புவது? அக்கம்பக்கத்தில் கேட்டால், "எங்க காலத்துல யாருங்க பல் டாக்டருக்குப் போனாங்க?" என்பார்கள். அவர்கள் காலத்தில் பிஸ்கட் பாக்கெட் தெருவுக்கு நாலு கடையில் தொங்கவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் எங்களுக்கு ஒரு நல்ல டாக்டரம்மா கிடைத்தார். அதற்குப் பிறகு சொந்தபந்தத்தில் யார் வீட்டுக் குழந்தைக்குப் பல்வலி என்றாலும் எனக்குத்தான் போன் வருகிறது. அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஒரு ஒழுங்குக்கு வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். என் கட்சி இதுதான்: எஸ்டிமேட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பல், ஏன் என்று உங்களுக்குப் புரியும்படி காட்டிச் சொல்கிறவரே நல்ல டாக்டர். சுவர் ஓவியம், பொம்மை, பலூன் எல்லாம் அதற்கு அப்புறம்.

கிளம்புவதற்கு முன் வீட்டில் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் குழந்தையை உங்கள் மடியில் தலை வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். போன் டார்ச்சைப் போட்டு, விரலால் உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பாருங்கள். மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் போனால், பல்லைக் கெட்டிப்படுத்தும் ஃப்ளோரைடு என்ற மருந்துப் பூச்சோடு வேலை முடிய வாய்ப்பு உண்டு. பழுப்பாகவோ கறுப்பாகவோ குழி விழுந்திருந்தால் அடுத்த கட்டம். ஈறில் கொப்புளம் மாதிரி ஒரு புடைப்பு இருந்தால், வலி இல்லையென்று குழந்தை சொன்னாலும், உள்ளே சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்படியே பல்லையும் எண்ணிவிடுங்கள். பால் பற்கள் மொத்தம் 20. நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் எண்ணினால் ஐந்துதான் வரும். ஆறாவதாக ஒன்று பின்னால் முளைத்திருந்தால் அது பால் பல் கிடையாது. ஆயுசுக்கும் இருக்கப்போகிற நிரந்தரக் கடைவாய்ப் பல். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றுவிடும். பல்லே விழவில்லையே, இதுவும் பால் பல்தான் என்று பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்க, எட்டு வயதுக்குள் அது சொத்தையாகிப்போன பிள்ளைகள் எத்தனையோ.

"விழப்போகிற பல்தானே" என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. விழுவது உண்மை. ஆனால் ஆறேழு வயதில் விழுவது முன்பற்கள்தான். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் இருக்க வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தையானால் இன்னும் ஐந்து வருடத்துக்கு மேல் அந்தப் பல்லில்தான் குழந்தை மென்று சாப்பிட்டாக வேண்டும். அதை அவசரப்பட்டுப் பிடுங்கிவிட்டால் பின்னாலுள்ள நிரந்தரப் பல் முன்பக்கம் சாய்ந்து, கீழே முளைக்கக் காத்திருக்கும் பல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். பிற்பாடு கம்பி கட்டுகிற செலவு வந்து நிற்கும்.

யாரைத் தேடுவது, எங்கே தேடுவது

பி.டி.எஸ். என்பது பல் மருத்துவத்தின் அடிப்படைப் படிப்பு. அதற்கு மேல் மூன்று வருடம் குழந்தைகள் பல் மருத்துவம் படித்தவர்கள் எம்.டி.எஸ். பட்டத்தோடு 'பீடோடான்டிக்ஸ்' என்று போட்டிருப்பார்கள். 'கிட்ஸ் டென்டல்' என்று போர்டு இருப்பதாலேயே உள்ளே அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெயருக்குப் பின்னால் எம்.டி.எஸ். என்று மட்டும் இருந்தால் எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். கம்பி கட்டுவதும் எம்.டி.எஸ்.தான், ஈறு வைத்தியமும் எம்.டி.எஸ்.தான். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த எண் எல்லோருக்கும் இருக்க வேண்டும். பெரும்பாலான கிளினிக்குகளில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

நம்மூர் மாதிரி இடங்களில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைப் பல் டாக்டர்கள் பலர் சொந்தக் கிளினிக் வைக்காமல், வாரத்தில் ஒரு கிழமை இந்தக் கிளினிக், ஒரு கிழமை அந்தக் கிளினிக் என்று வந்துபோகிறவர்கள். அதனால் நேரே போய் நிற்காமல் போன் போட்டுக் கேளுங்கள்: "குழந்தைப் பல் டாக்டர் எந்தக் கிழமை வர்றாங்க? அஞ்சு வயசுக் குழந்தை, முதல் தடவை. பல் எக்ஸ்ரே உங்ககிட்டயே இருக்குங்களா? பார்க்க மட்டும் என்ன ஃபீஸ்?" இந்தக் கேள்விகளுக்கு ரிசப்ஷனில் இருப்பவர் எரிச்சல் இல்லாமல் பதில் சொன்னால் பாதி தெம்பு வந்துவிடும். "நேர்ல வாங்க, டாக்டர் சொல்வாங்க" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தால் நான் அடுத்த நம்பரைப் பார்த்துவிடுவேன்.

பக்கத்தில் பீடோடான்டிஸ்ட் யாருமே இல்லையென்றால் மனம் உடைய வேண்டாம். குழந்தைகளைப் பொறுமையாகக் கையாளும் பி.டி.எஸ். டாக்டர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். சாதாரண ஃபில்லிங், ஃப்ளோரைடு பூச்சு போன்றவற்றுக்கு அவர்களே போதும். தன் கைக்கு மீறியதை "இதுக்குக் குழந்தை டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்புகிறவர் என்றால் அவர் நம்பரைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

பணம் இடிக்கிறதென்றால் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பி.டி.எஸ். பாடத்திலேயே குழந்தைகள் பல் மருத்துவம் உண்டு என்பதால் எந்தக் கல்லூரியிலும் அதற்குத் தனித் துறை இருக்கும். எங்களுக்குக் குமாரபாளையமும் திருச்செங்கோடும் பக்கம். அரசுக் கல்லூரி என்றால் சென்னையில் 1953இல் தொடங்கியது, சிதம்பரத்தில் ஒன்று, புதுக்கோட்டையில் 2023இல் வந்தது ஒன்று. கட்டணம் வெளியே ஆகிற அளவு ஆகாது. மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்த படி. அதனாலேயே நேரம் இழுக்கும். வெளியே ஒரே நாளில் முடிகிற வேலைக்கு அங்கே இரண்டு மூன்று தடவை அலைய வேண்டியிருக்கும். காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிடுங்கள், கையில் டிபன் டப்பாவும் தண்ணீரும் இருக்கட்டும். பரீட்சை, விடுமுறை நேரமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. 2013 முதல் நடக்கிற ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில், அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற மருத்துவக் குழு பிள்ளைகளின் பல்லையும் பார்க்கும். அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் தூக்கிப் போடாமல் அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மேல் சிகிச்சைக்கான வழி அந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

முதல் நாள்

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் ஒரு வயது முடிவதற்குள், ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பது குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நம் வீடுகளில் அது நடப்பதில்லை; வலி வந்த பிறகுதான் போகிறோம். முடிந்தால் வலி இல்லாத நாளில் ஒருமுறை சும்மா கூட்டிக்கொண்டு போங்கள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இறங்கினாலே அன்றைக்குப் போதும்.

நேரம் முக்கியம். ஸ்கூல் விட்டு, டியூஷன் முடித்து, தூக்கம் சொக்குகிற இரவு எட்டு மணிக்குக் கூட்டிப்போனால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. காலை டிபன் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போவது சரியாக வரும். வீட்டில் பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். "ஊசியே போட மாட்டாங்க" என்று சத்தியம் செய்துவிட்டு, அங்கே ஊசி போட்டால் அடுத்த தடவை குழந்தை வண்டியிலேயே ஏறாது. "டாக்டரம்மா பல்லை எண்ணிப் பார்ப்பாங்க, அப்புறம் என்ன பண்ணலாம்னு நம்மகிட்ட சொல்லுவாங்க" என்பது போதும். சோறு தின்னாத பிள்ளையிடம் "ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டுகிற பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் அது என் மாமியாரின் ஆயுதம். "ஏங்கண்ணு, அம்மாயி சும்மா சொன்னேன்டா" என்று அவரையே பேத்தியிடம் சொல்லவைக்க என் மனைவி பட்ட பாடு தனிக்கதை.

நல்ல டாக்டரின் கை எப்படி இருக்கும் என்று எங்கள் டாக்டரம்மாவிடம் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் என்னிடம் பேசவில்லை. பாப்பா கையில் சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, "உனக்கு எத்தனை பல்லு இருக்கு?" என்றார். "நூறு." "சரி, எண்ணிப் பார்த்துடலாம்." காற்று வரும் குழாயை வாய்க்குள் விடுவதற்கு முன் அவள் நகத்தின் மேல் ஊதிக் காட்டினார். எச்சில் உறிஞ்சும் குழாயை அவளையே பிடிக்கச் சொல்லி, பேப்பர் கப்பிலிருந்த தண்ணீரை உறிஞ்ச வைத்தார். சர்ரென்ற சத்தத்துக்கு அவள் சிரித்துவிட்டாள். அதன் பிறகே வாய்க்குள் போனது. முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அதற்கப்புறம் செய்வது: குழந்தைப் பல் மருத்துவத்தில் இதை ஒரு முறையாகவே கற்றுத் தருகிறார்கள். இரண்டு வயசுக்குள்ளான குழந்தை என்றால் டாக்டரும் நீங்களும் முட்டியோடு முட்டி ஒட்ட எதிரெதிரே உட்கார்ந்து, உங்கள் மடியில் உடம்பும் டாக்டர் மடியில் தலையுமாகக் கிடத்திப் பார்ப்பார்கள். அழுகை வரும், ஆனால் ஒரு நிமிஷ வேலை.

என்னிடம் கேட்டவை: எடை, அலர்ஜி, முன்பு வந்த நோய்கள், ராத்திரி பால் குடிக்கிறாளா, அதில் சர்க்கரை உண்டா, பல் தேய்த்துவிடுவது யார், எந்த பேஸ்ட். இவை எதையும் கேட்காமல் மெஷினைக் கையில் எடுக்கிறவரிடம் நான் என் பிள்ளையை விடமாட்டேன்.

சில டாக்டர்கள் பெற்றோரை வெளியே இருக்கச் சொல்வார்கள். அம்மா முகத்தைப் பார்த்தால் அழுகை கூடுகிற பிள்ளைகள் உண்டு என்பதால் அதில் நியாயம் இருக்கலாம். காரணத்தைக் கேளுங்கள், கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கையைக் காலைப் பிடித்து அமுக்கித்தான் செய்ய வேண்டும் என்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் "இன்னிக்கு வேண்டாங்க" என்று எழுந்து வந்துவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால்தான் என்ன?

எஸ்டிமேட்டைப் படிக்கும் விதம்

இது என் பேட்டை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எழுதிக் கேளுங்கள். வாயால் "ஒரு முப்பது, நாற்பது ஆகும்" என்பது எஸ்டிமேட் ஆகாது. எழுதிய தாளில் பல்லின் எண் இருக்க வேண்டும். நம் நாட்டிலும் இன்னும் பல நாடுகளிலும் பல் டாக்டர்கள் பயன்படுத்தும் இரண்டு இலக்க முறை ஒன்று உண்டு, ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால் பகுதி என்று சொல்லும். 1 முதல் 4 வரை நிரந்தரப் பற்கள், 5 முதல் 8 வரை பால் பற்கள். பால் பற்களில் 5 என்றால் குழந்தையின் வலது மேல், 6 இடது மேல், 7 இடது கீழ், 8 வலது கீழ். இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக, 85 என்றால் வலது கீழ்ப் பக்கம் ஐந்தாவது, அதாவது கடைசிப் பால் பல். 46 என்று எழுதியிருந்தால் அதே பக்கம் அதற்குப் பின்னால் இருக்கும் நிரந்தரப் பல். அந்த எண்ணைக் கண்டால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், ஏனென்றால் போனால் திரும்ப முளைக்காது.

எங்கள் பாப்பாவுக்கு வலித்தது வலது கீழே. ரூ.68,000 தாளில் 54, 55, 64, 65, 74, 75, 84, 85 என்று கடைவாய்ப் பற்கள் எட்டும் வரிசையாக நின்றன, எட்டுக்கும் எதிரே ஒரே வைத்தியம், ஒரே தொகை. எட்டுப் பல்லும் ஒரே ஆழத்துக்கா சொத்தையாகும்? மண்டியில் எட்டு மூட்டைக்கும் ஒரே எடை எழுதிவந்தால் தராசில் ஏற்றவே இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா எழுதிய தாளில் 85க்கு மட்டும் ரூட் கேனாலும் கேப்பும். 75, 84க்கு ஃபில்லிங். மற்றவற்றில் இரண்டுக்கு ஃப்ளோரைடு பூசிவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்ப்பது. தொகை ரூ.9,200. ஒவ்வொரு வரிக்கும் எக்ஸ்ரே இருந்தது. பேனா மூடியால் திரையைத் தொட்டுக் காட்டினார்: சொத்தையின் கறுப்பு நிழல் 85இல் நரம்பு அறையைத் தொட்டுவிட்டது, 75இல் இன்னும் இடைவெளி இருக்கிறது. வேர்களுக்கு நடுவே, எலும்புக்குள், வரப்போகும் பல் சின்ன மொட்டாக உட்கார்ந்திருந்தது. நரம்பு வரை போயிருக்கிறதா என்பதை எக்ஸ்ரே இல்லாமல் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். டிஜிட்டல் எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு மிகக் குறைவு, அதற்குப் பயந்து வேண்டாமென்று சொல்லாதீர்கள். குழந்தை ஃபிலிமைக் கடிக்க மறுத்தால் எடுக்க முடியாமல் போகலாம். அப்போது டாக்டரே அதைச் சொல்வார்.

இனி, தாளில் வரக்கூடிய பெயர்கள். பல்போட்டமி என்பது நரம்பின் மேல் பகுதியை மட்டும் எடுப்பது. வேரிலுள்ள நரம்பு நன்றாக இருந்தால்தான் இது. பல்பெக்டமி என்பது வேர் வரைக்கும் சுத்தம் செய்வது. நாம் குழந்தை ரூட் கேனால் என்று சொல்வது இதைத்தான். இரண்டில் எது, ஏன் என்று கேளுங்கள், விலை வேறு. பால் பல்லின் வேர் நாளடைவில் கரைய வேண்டும் என்பதால் உள்ளே அடைக்கும் மருந்தும் கூடவே கரையக்கூடியதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு அடைப்பது இதற்கு ஆகாது.

கேப்பில் இரண்டு வகை. எவர்சில்வர் நிறத்தில் வரும் ஸ்டீல் கேப், வெள்ளை நிறத்தில் ஜிர்கோனியா. ஸ்டீல் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கடைவாய்க்கு அதுதான் பல காலமாகத் தாங்கிவரும் சரக்கு. பல்லை அதிகம் செதுக்கவும் வேண்டாம். வெள்ளைக்கு இன்னும் கொஞ்சம் செதுக்க வேண்டும், விலையும் பல மடங்கு. முன்பல் என்றால் வெள்ளை கேட்பதில் நியாயம் உண்டு. சிரித்தாலும் வெளியே தெரியாத கடைசிப் பல்லுக்கு எதற்கு என்று நான் கேட்டேன். "தேவையில்லைங்க, நீங்க கேட்டா போடறேன், அவ்வளவுதான்" என்றார். இப்படி ஒரு பதில் சொல்கிற டாக்டரை விட்டுவிடாதீர்கள். நரம்பு கெடாத சொத்தைப் பல்லில், மெஷினும் ஊசியும் இல்லாமல் ஸ்டீல் கேப்பை அப்படியே அழுத்தி மாட்டும் முறை ஒன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் டாக்டர் செய்துவந்தது, அவர் பெயரிலேயே ஹால் முறை என்கிறார்கள். பயந்த பிள்ளைகளுக்கு இது முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அதேபோல நம்மிடம் அதிகம் சொல்லாத ஒன்று சில்வர் டயமைன் ஃப்ளோரைடு. சுருக்கமாக எஸ்.டி.எஃப். சொத்தையின் மேல் ஒரு சொட்டுத் தடவினால், சொத்தை மேலே பரவாமல் அங்கேயே நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊசி இல்லை, துளைப்பது இல்லை, செலவும் குறைவு. சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதுதான் குறை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உட்காரவே மாட்டேன் என்கிற மூன்று வயதுக் குழந்தைக்கு இதைத் தடவி ஒன்றிரண்டு வருடம் தள்ளிவிட்டால், பிறகு ஃபில்லிங்குக்கு ஒத்துழைக்கிற வயது வந்துவிடும். சீழ் பிடித்த பல்லுக்கு இது உதவாது.

பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டுமென்றால், இடத்தைக் காக்கும் வளையம் தேவையா என்று கேளுங்கள். கீழே நிரந்தரப் பல் முளைக்கிற கட்டத்தில் இருந்தால் தேவைப்படாது, எக்ஸ்ரே சொல்லிவிடும்.

மயக்க மருந்து கொடுத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பது தவறான வைத்தியம் இல்லை. மிகச் சின்னக் குழந்தைக்கு நிறையப் பல் கெட்டிருந்தாலோ, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை என்றாலோ அதுதான் நல்ல வழியாகக்கூட இருக்கும். ஆனால் ஒன்றிரண்டு பல்லுக்கு, சொன்னால் கேட்கிற பிள்ளைக்கு, எடுத்தவுடன் அதைச் சொன்னால் யோசியுங்கள். கேட்க வேண்டியவை: மயக்க மருந்து டாக்டர் தனியாக வருகிறாரா, எந்த ஆஸ்பத்திரியில், நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் பார்க்கும் கருவி உண்டா, எழுந்த பிறகு எவ்வளவு நேரம் வைத்துப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கி, அதை மணி பிசகாமல் கடைப்பிடியுங்கள். பாவமே என்று பாட்டி ஒரு வாய் பால் ஊட்டிவிட்டால், அந்தப் பால் நுரையீரலுக்குள் போகிற ஆபத்து இருக்கிறது.

இன்னொரு டாக்டரிடம் காட்டப் போகிறேன், எக்ஸ்ரேயை அனுப்புங்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு நொடி வேலை. அதற்கு முகம் சுளித்தால், "இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா இருபது பர்சென்ட் தள்ளுபடி" என்று ஆடித் தள்ளுபடி மாதிரிப் பேசினால், வெளியே வந்துவிடுங்கள்.

ராத்திரி வலிக்கும்போது

பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம், குழந்தையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவு. பாட்டிலைப் பார்த்துக் கொடுங்கள். 5 மில்லியில் 120 அல்லது 125 மி.கி. இருப்பதும் உண்டு, 250 மி.கி. இருப்பதும் உண்டு. பழைய மூடி அளவையே புது பாட்டிலுக்கும் ஊற்றினால் இரட்டை டோஸ் ஆகிவிடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றினால் வெந்துவிடும். கண்டங்கத்திரி விதைப் புகை காட்டிப் பல்லில் பூச்சி எடுக்கிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். பல்லுக்குள் எடுக்க எந்தப் பூச்சியும் இல்லை. ஆன்டிபயாடிக் குடித்து வலி அடங்கினாலும் பல் சரியாகிவிட்டதாக நினைக்க வேண்டாம், வேலை பாக்கி இருக்கிறது.

கன்னமோ கண்ணுக்குக் கீழோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சலும் அடித்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

விளையாடும்போது பல் தெறித்து விழுந்தால்: பால் பல் என்றால் திரும்பச் சொருகக் கூடாது. நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பக்கம் பிடித்து, லேசாகக் கழுவி, முடிந்தால் அதே குழியில் வையுங்கள், இல்லையென்றால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வீட்டு வேலை கொஞ்சம்

எந்த டாக்டரும் நம் சமையலறைக்கு வந்து சர்க்கரை டப்பாவை ஒளித்து வைக்க மாட்டார். படுக்கும்போது வாயில் பாட்டிலோடு தூங்குவது, சர்க்கரை போட்ட பால், பூஸ்ட், ஹார்லிக்ஸ் குடித்துவிட்டு அப்படியே படுப்பது, இவைதான் சொத்தையின் மூல காரணம். குடித்த பிறகு தேய்த்துவிட்டுப் படுக்க வைத்தால் போதும். ஏழெட்டு வயது வரை பிள்ளைகளால் தாங்களாக ஒழுங்காகத் தேய்க்க முடியாது. நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும். பேஸ்ட் மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. அட்டையில் ஃப்ளோரைடு எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, என்று இருக்கும். 1000 பிபிஎம்மை ஒட்டி இருப்பதைத்தான் குழந்தைப் பல் டாக்டர்கள் சொல்கிறார்கள், படம் போட்ட குழந்தை பேஸ்ட்டுகள் சிலவற்றில் அது பாதிதான் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது தெரிந்த கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அந்தப் பக்கம் இருப்பவர்கள் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு பேஸ்ட்டை முடிவு செய்யுங்கள்.

மனஸ்தாபம் வந்தால்

பில், எஸ்டிமேட், எக்ஸ்ரே மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வேலையில் குறை என்று தோன்றினால் முதலில் அந்த டாக்டரிடமே போய் உட்கார்ந்து பேசுங்கள், நிறைய விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது தாளைத்தான்.

வேலை முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். ஆறேழு வயதில் பின்னால் அந்த நிரந்தரப் பல் முழுதாக வெளியே வந்ததும், அதன் பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் போடலாமா என்று நீங்களாகவே கேளுங்கள். ஊசி இல்லாத சின்ன வேலை, சிலர் தானாகச் சொல்ல மாட்டார்கள். ஸ்டீல் கேப் போட்ட பல் விழுகிற வயதில் கேப்போடு சேர்ந்தே விழும். அது ஸ்கூலில் நடந்தால் யாரும் பதற வேண்டாம் என்று கிளாஸ் மிஸ்ஸிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.